இஸ்திஹாழா கேள்விக்குப் பின்னால் ஒரு நோய்: பெண்களின் இடுப்புக்குழித் தொற்றும் நீண்டகாலப் பாதிப்புகளும்

மார்க்கக் கேள்வி பதில் நிகழ்ச்சிகளிலும் பெண்களுக்கான பயான் வகுப்புகளிலும் அடிக்கடி எழும் ஒரு கேள்வி உண்டு. "மாதவிடாய் முடிந்து குளித்துத் தொழ ஆரம்பித்துவிட்டேன். சில நாட்களில் மறுபடியும் இரத்தம் படுகிறது. நான் தொழலாமா, நோன்பு பிடிக்கலாமா?" மௌலவியோ ஆலிமாவோ நாட்களைக் கணக்குப் பார்த்து, இது ஹைழா இஸ்திஹாழாவா என்று பிரித்து, ஒவ்வொரு தொழுகைக்கும் சுத்தம் செய்து வுழூ எடுத்துத் தொழும்படி சொல்வார்கள். பதில் சரியானதுதான். கேட்ட சகோதரியும் மன நிம்மதியோடு போய்விடுவார்.

ஆனால் அந்த இரத்தம் ஏன் வந்தது என்ற கேள்வி அங்கே கேட்கப்படுவதில்லை. பாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரழி) அவர்கள் தமக்கு நிற்காமல் இரத்தம் போவதைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்டபோது, அது ஹைழ் அல்ல, ஓர் இரத்த நாளத்திலிருந்து வருவது என்று அவர்கள் விளக்கியதாக ஸஹீஹுல் புகாரியில் பதிவாகியுள்ளது. வழமையான மாதவிடாய் வேறு, உடலில் ஏதோ ஓரிடத்திலிருந்து காரணத்தோடு வரும் இரத்தம் வேறு என்ற பிரிவு அந்தப் பதிலிலேயே இருக்கிறது. தொழுகையின் சட்டத்தை உலமாக்கள் சொல்லிவிட்டார்கள். காரணத்தைத் தேட வேண்டியது வைத்தியரிடம்.

இடையிடையே இரத்தம் படுவதற்குக் காரணங்கள் பல. லூப், கர்ப்பத்தடை ஊசி, கருப்பையில் வளரும் கட்டிகள், கருப்பைக் கழுத்தில் ஏற்படும் மாற்றங்கள் என்று பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் அதிகம் பேசப்படாத ஒன்றுதான் இடுப்புக்குழி அழற்சி. கிளினிக் புத்தகங்களில் வைத்தியர்கள் பீ.ஐ.டி. என்று சுருக்கமாக எழுதிவிடுவார்கள். எழுதப்பட்டது என்னவென்று கேட்டுத் தெரிந்துகொண்டு வீடு திரும்பும் பெண்கள் குறைவு.

யோனியில் எப்போதும் கிருமிகள் இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை நன்மை செய்பவை. அங்கு ஓர் அமிலத் தன்மையைப் பேணித் தீய கிருமிகளை அவை அடக்கி வைக்கின்றன. கருப்பைக் கழுத்து ஒரு காவல் வாசல் போல, தடித்த சளியால் மேலே போகும் வழியை மூடி வைத்திருக்கிறது. இந்தக் காவலைத் தாண்டிக் கிருமிகள் கருப்பைக்கும், அங்கிருந்து பலோப்பியன் குழாய்களுக்கும் சூலகங்களுக்கும் ஏறிவிட்டால் அதுவே இடுப்புக்குழி அழற்சி. கிளமிடியா, கொனோரியா ஆகிய பாலியல் தொற்றுகள் இதற்குப் பிரதான காரணங்கள். ஆனால் அவை மட்டுமே காரணம் என்று நினைப்பது பெரும் தவறு. பிரசவத்தின் பின்னரும், கருச்சிதைவின் பின்னரும், கருப்பையைச் சுத்தம் செய்யும் சிகிச்சையின் பின்னரும் கருப்பைக் கழுத்து திறந்திருக்கும் நாட்களில் சாதாரணக் கிருமிகளும் மேலே ஏறலாம். யோனியில் வழமையாக இருக்கும் கிருமிகளின் சமநிலை குலைந்தாலும் இது நேரலாம். எமது தெற்காசியப் பிராந்தியத்தில் காசநோயும் ஒரு காரணம். நுரையீரலில் இருந்த கிருமி இரத்தத்தின் வழியாகக் குழாய்களுக்குச் சென்று, இருமலோ காய்ச்சலோ இல்லாமலேயே அவற்றைப் பழுதாக்கிவிடும்.

எனவே ஒரு பெண்ணுக்கு இந்த நோய் என்று கேள்விப்பட்டவுடன் அவளது ஒழுக்கத்தைப் பற்றிப் பேசத் தொடங்குவது அறியாமை. பாவமும்கூட. கற்புள்ள பெண்கள் மீது சாட்சியின்றிப் பழி சுமத்துவதை அல்குர்ஆன் எவ்வளவு கடுமையாகக் கண்டிக்கிறது என்பதை எமது வாசகர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

இந்த நோயின் தொல்லை அதன் அமைதியில் இருக்கிறது. சிலருக்குக் கடும் காய்ச்சலும் அடிவயிற்று வலியும் வந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுவார்கள். ஒரு வகையில் அவர்கள் அதிர்ஷ்டசாலிகள், ஏனென்றால் சிகிச்சை கிடைத்துவிடுகிறது. பலருக்கு வருவது மெல்லிய வலி, வழமைக்கு மாறான வெள்ளைபடுதல், ஒருவித துர்வாடை, தாம்பத்திய உறவின்போது உள்ளே வலி, அதன் பின் சிறிது இரத்தம், அவ்வளவுதான். இவற்றை "உடம்பு சூடு" என்று சொல்லி வெந்தயம் ஊறவைத்துக் குடிப்பார்கள். கெஸ்ட்ரைட்டிஸ் என்றும் சிறுநீர்த் தொற்று என்றும் மருந்து எடுப்பார்கள். வலது பக்க விலாவின் கீழே வலி வந்து பித்தப்பையைச் சோதிக்கப் போனவர்களும் உண்டு. தொற்று ஈரலின் மேலுறை வரை பரவினால் அங்கும் வலிக்கும். இன்னும் பலருக்கு எந்த அறிகுறியும் இருப்பதில்லை. பிள்ளை இல்லை என்று பரிசோதிக்கும்போது இரண்டு குழாய்களும் அடைபட்டிருப்பது தெரியவரும். "எனக்கு ஒரு நாளும் அப்படி நோய் வந்ததில்லையே" என்று அவர்கள் சொல்வது பொய்யல்ல.

பலோப்பியன் குழாய் என்பது வெறும் குழாய் என்றால் பிரச்சினை இவ்வளவு பெரிதாகியிருக்காது. அதன் உட்சுவரில் மயிரிழையிலும் மெல்லிய பிசிர்கள் அசைந்துகொண்டே இருக்கின்றன. சூலகத்திலிருந்து வெளிவரும் முட்டையைக் கருப்பையை நோக்கித் தள்ளிக்கொண்டு போவது அவைதான். தொற்று ஏற்படும்போது உடல் கிருமியை எதிர்க்கும் போராட்டத்தில் இந்தப் பிசிர்களும் அழிந்துவிடுகின்றன. புண் ஆறும்போது தழும்பு உண்டாகிறது. தழும்பு குழாயை ஓரிடத்தில் ஒடுக்கலாம், முழுவதுமாக அடைக்கலாம், அல்லது குழாயைச் சூலகத்தோடும் குடலோடும் ஒட்ட வைக்கலாம். அன்டிபயோடிக் மருந்து கிருமியைக் கொல்லும். ஏற்கனவே விழுந்த தழும்பை அதனால் அகற்ற முடியாது. இந்த நோயில் நாட்களுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு என்பதற்கு விடை இந்த ஒரு விடயத்தில்தான் இருக்கிறது.

சுவீடனின் லுண்ட் நகரில் 1960 முதல் 1984 வரை, லெப்பரஸ்கோபி மூலம் நோய் உறுதி செய்யப்பட்ட 1,844 பெண்களைப் பின்தொடர்ந்து ஓர் ஆய்வு செய்யப்பட்டது. 1992 இல் வெளியான அதன் முடிவுகள் இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஒரு தடவை நோய் வந்தவர்களில் 8 சதவீதமானோருக்குக் குழாய் பாதிப்பினால் குழந்தைப் பேறு இல்லாமல் போனது. இரண்டு தடவை வந்தவர்களில் அது ஏறத்தாழ 20 சதவீதம். மூன்று தடவையோ அதற்கு மேலோ வந்தவர்களில் 40 சதவீதம். ஒவ்வொரு தடவையும் ஆபத்து ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. இதையே மறுபக்கமாகவும் வாசிக்க வேண்டும். ஒரு தடவை வந்து முறையாகச் சிகிச்சை பெற்ற பெண்களில் மிகப் பெரும்பாலானோருக்குப் பிள்ளை பெறும் வாய்ப்பு இருக்கிறது. நோயின் பெயரைக் கேட்டவுடன் நம்பிக்கை இழக்கத் தேவையில்லை.

குழந்தையின்மை எமது சமூகத்தில் ஒரு பெண்ணுக்கு என்ன செய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். திருமணமாகி இரண்டு வருடம் கடந்தால் மாமியார் வீட்டுப் பேச்சு மாறிவிடும். மூன்றாவது வருடம் மகனுக்கு இன்னொரு நிகாஹ் பற்றிய ஆலோசனை நடக்கும். காதி நீதிமன்றம் வரை போகும் குடும்பங்களும் இருக்கின்றன. இத்தனைக்கும் கணவன் ஒரு தடவைகூட விந்துப் பரிசோதனை செய்திருக்கமாட்டார். குழந்தையில்லாத் தம்பதிகளில் மூன்றில் ஒரு பங்கு அளவினருக்குக் காரணம் ஆணின் பக்கம் இருக்கிறது. உலகில் ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையை எதிர்கொள்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023 இல் அறிவித்தது. பெண்ணைக் குறை சொல்வதற்கு முன் இருவரும் ஒரே நாளில் பரிசோதனைக்குப் போவதே நியாயம்.

குழாய் அடைபட்டவர்களுக்கு வழியே இல்லை என்றும் இல்லை. உடலுக்கு வெளியே கருக்கட்டச் செய்யும் முறை கண்டுபிடிக்கப்பட்டதே இத்தகைய பெண்களுக்காகத்தான். 1978 இல் அம்முறையில் பிறந்த முதல் குழந்தையின் தாய்க்கு இரண்டு குழாய்களும் அடைபட்டிருந்தன. கணவன் மனைவி இருவரின் விந்தும் முட்டையும் மட்டுமே பயன்படுத்தப்பட்டு, திருமண உறவு நீடிக்கும்போது செய்யப்படுமானால் அதை அனுமதிக்கும் உலமாக்கள் பலர். ஆனால் செலவு பல இலட்சம் ரூபா. காணியை ஈடு வைத்துச் செய்து தோல்வியடைந்தவர்களின் நிலை வேதனையானது. குழாயில் நீர் தேங்கி வீங்கியிருந்தால் அந்த நீர் கருவுக்குக் கேடு செய்து வெற்றி வாய்ப்பைக் கணிசமாகக் குறைக்கும். முதலில் அந்தக் குழாயை அகற்றவோ மூடவோ வேண்டும் என்று வைத்தியர் சொன்னால், அது வீண் செலவுக்கான யோசனை என்று நினைத்துவிடாதீர்கள்.

குழந்தையின்மையைவிட அவசரமானது இன்னொன்று. குழாய் முழுவதும் அடைபடாமல் பாதி பழுதான நிலையில் இருந்தால், கருக்கட்டிய முட்டை வழியிலேயே சிக்கிக் குழாய்க்குள் வளரத் தொடங்கிவிடும். லுண்ட் ஆய்வில் நோய் வந்த பெண்களின் முதல் கர்ப்பத்தில் 9 சதவீதமானவை இப்படிக் கருப்பைக்கு வெளியே தங்கியவை. நோய் வராத பெண்களில் அது 1.4 சதவீதம் மட்டுமே. வளரும் கருவைத் தாங்கும் அளவுக்குக் குழாய் விரியாது. ஒரு கட்டத்தில் வெடித்து வயிற்றினுள் இரத்தம் கொட்டும். மாதவிடாய் தள்ளிப்போய், அடிவயிற்றின் ஒரு பக்கத்தில் வலி, சிறிது இரத்தம் படுதல், தலைச்சுற்று, சிலருக்குத் தோள்பட்டை நுனியில் வலி என்று அது வெளிப்படும். தோளில் ஏன் வலிக்கிறது என்று ஆச்சரியப்பட வேண்டாம். வயிற்றில் சேரும் இரத்தம் உதரவிதானத்தைத் தொடும்போது மூளை அதைத் தோள் வலியாக உணர்கிறது. இந்த நிலையில் விடியும் வரை காத்திருப்பதும், "பீரியட் லேட்டாகி வந்திருக்கிறது" என்று பனடோல் குடித்துப் படுப்பதும் உயிருக்கே ஆபத்து. 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அதை அழைக்கலாம்.

மூன்றாவது பாதிப்பு வலி. ஐக்கிய அமெரிக்காவில் 831 பெண்களைக் கொண்டு செய்யப்பட்ட ஓர் ஆய்வில், சிகிச்சை பெற்றவர்களிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினருக்கு நீடித்த இடுப்புக்குழி வலி ஏற்பட்டது தெரிந்தது. உயிரைக் கொல்லாத வலி என்பதால் யாரும் அதைப் பொருட்படுத்துவதில்லை. ருகூஃவிலும் ஸுஜூதிலும் இழுத்துப் பிடிக்கும், படுக்கையில் கணவன் அருகில் வந்தாலே பயம் வரும். மறுப்பதைக் கணவன் வெறுப்பாகப் புரிந்துகொள்வார். இப்படி விரிசல் விட்ட குடும்பங்களுக்கு ஆலோசனை சொல்லப் போகும் பெரியவர்கள், மனைவியின் கடமைகளைப் பற்றி உபதேசிப்பதற்கு முன் "மகளே, உனக்கு வலிக்கிறதா?" என்று ஒரு பெண்ணைக் கொண்டு கேட்கச் சொல்லலாம்.

லுண்ட் பெண்களின் தரவுகளை வைத்து 1993 இல் வெளியான இன்னோர் ஆய்வு, அறிகுறி தொடங்கி மூன்று நாட்களுக்குள் சிகிச்சைக்கு வந்தவர்களையும் அதற்குப் பின் வந்தவர்களையும் ஒப்பிட்டது. தாமதித்தவர்களுக்குக் குழந்தைப் பேறு பாதிக்கப்படும் ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்காக இருந்தது. எமது பெண்கள் மூன்று நாட்களில் எங்கே இருப்பார்கள்? பெரும்பாலும் பெண் வைத்தியர் எப்போது வருவார் என்று விசாரித்துக்கொண்டிருப்பார்கள். பெண் வைத்தியரைத் தேடுவது நல்ல விருப்பம். கிடைக்காதபோது ஆண் வைத்தியரிடம் தேவையான அளவுக்குக் காட்டுவதை மார்க்கம் தடுக்கவில்லை என்பதை உலமாக்கள் தெளிவாகவே சொல்லியிருக்கிறார்கள். பரிசோதனையின்போது பெண் தாதி ஒருவரை உடன் நிற்கச் சொல்லிக் கேட்பதற்கு எந்தப் பெண்ணும் தயங்க வேண்டியதில்லை.

சிகிச்சை பொதுவாக 14 நாட்கள். ஓர் ஊசியும் இரண்டு வகை மாத்திரைகளும் கொடுக்கப்படலாம். அவற்றில் மெட்ரோனிடசோல் குமட்டலையும் வாயில் உலோகச் சுவையையும் தரும். நான்காம் நாள் வலி குறைந்தவுடன் பலர் நிறுத்திவிடுவது இதனால்தான். பாமசியில் போய் "வெள்ளைபடுதலுக்கு ஏதாவது தாருங்கள்" என்று மூன்று நாள் மாத்திரை வாங்குவதும் இதே கதைதான், அறிகுறி மறையும், கிருமி மேலே இருந்துகொண்டிருக்கும். ரமழானில் டொக்சிசைக்கிளின் எடுப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஸஹர் முடித்து மாத்திரையைக் கொஞ்சம் தண்ணீரோடு விழுங்கி உடனே சாய்ந்தால் அது உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கிவிடும். நிறையத் தண்ணீர் குடித்து அரை மணி நேரமாவது உட்கார்ந்திருக்க வேண்டும். இரும்புச் சத்து மாத்திரையை அதோடு சேர்த்து எடுக்கக்கூடாது. நோயாளிக்கு நோன்பில் சலுகை இருப்பதையும் மறக்க வேண்டாம். கர்ப்பமாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருந்தாலோ பாலூட்டினாலோ வைத்தியரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். மூன்று நாட்களில் முன்னேற்றம் தெரியாவிட்டால் திரும்பப் போக வேண்டும். சீழ்க்கட்டி உருவாகியிருக்கக்கூடும்.

கணவனைப் பற்றிய விடயத்தைத்தான் எழுதுவதற்கே பலர் தயங்குகிறார்கள். பாலியல் தொற்று என்று தெரிந்தால் கணவனுக்கும் சிகிச்சை அவசியம். அவருக்கு எந்த அறிகுறியும் இல்லாமலிருக்கலாம். மனைவி மட்டும் மருந்து முடித்துவிட்டு அதே வீட்டில் அதே தொற்றை மறுபடியும் பெறுவாள், ஆய்வு சொல்லும் இரண்டாவது தடவையும் மூன்றாவது தடவையும் அப்படித்தான் வருகின்றன. இருவரும் சிகிச்சையை முடிக்கும் வரை உறவைத் தவிர்க்க வேண்டும். கிளமிடியா மாதக்கணக்கில், சில வேளை ஒரு வருடத்துக்கு மேலும் அறிகுறியின்றி உடலில் தங்கக்கூடியது. யாரிடமிருந்து எப்போது வந்தது என்று பரிசோதனையால் சொல்ல முடியாது. வெளிநாட்டிலிருந்து விடுமுறையில் வந்து போகும் கணவன்மாரும், வீட்டில் இருப்பவர்களும், எவராயினும் இதை மானப் பிரச்சினையாக்காமல் இரண்டு மாத்திரைகளின் பிரச்சினையாகப் பார்த்தால் ஒரு பெண்ணின் கருவளம் காப்பாற்றப்படும். ஆண்களுக்கான ஜும்ஆ பிரசங்கங்களில் இதை நாகரிகமாகச் சொல்ல வழி இருக்கிறது.

பிரசவித்த பெண்கள் விடயத்தில் இன்னொரு குழப்பம். ஷாஃபி மத்ஹபில் நிபாஸின் அதிகபட்சம் 60 நாட்கள். அது வணக்க வழிபாட்டுக்கான கணக்கு. அந்த 60 நாளுக்குள் எப்படி இரத்தம் போனாலும் சரிதான் என்ற அர்த்தம் அதற்குக் கிடையாது. காய்ச்சல், துர்வாடை, அடிவயிறு தொட்டால் நோவு, குறைந்து வந்த இரத்தம் திடீரென அதிகரித்தல் ஆகியவை எந்த நாளில் வந்தாலும் தொற்றின் அடையாளங்கள். வீட்டுக்கு வரும் மருத்துவமாதுவிடம் பிள்ளையின் நிறையைப் பற்றி மட்டும் பேசாமல் இவற்றையும் சொல்ல வேண்டும். கருச்சிதைவின் பின்னரும் இதே அடையாளங்கள்தான். எந்தச் சூழ்நிலையில் கரு கலைந்திருந்தாலும் சிகிச்சைக்காக அரச வைத்தியசாலைக்கு வரலாம். பயந்து மறைந்திருப்பவர்களே அதிகம் பாதிக்கப்படுகிறார்கள்.

வெளிப்புறத்தைத் தண்ணீரால் கழுவுவது போதுமான சுத்தம். இஸ்தின்ஜாவில் நாம் செய்வது அதுதான். பேணுதல் என்ற எண்ணத்தில் சவர்க்காரத்தையும் கிருமிநாசினித் திரவத்தையும் உள்ளே செலுத்திக் கழுவும் பழக்கம் சிலரிடம் உண்டு. நன்மை செய்யும் கிருமிகளை அது அழித்துத் தொற்றுக்கு வழி திறக்கிறது. லூப் பற்றிய பயம் அளவுக்கு மீறியது. பொருத்திய முதல் மூன்று வாரங்களில்தான் தொற்று ஆபத்து சற்று அதிகம், பின்னர் அப்படியில்லை. திருமணமாகாத பிள்ளைகளின் வயிற்று வலிக்கு இந்த நோய் அரிதாகவே காரணம், மாதவிடாய் வலியும் அப்பென்டிக்ஸும் போன்றவையே பெரும்பாலும் இருக்கும். இந்தக் கட்டுரையை வாசித்துவிட்டு எந்தத் தாயும் மகளைச் சந்தேகிக்கக் கூடாது.

எங்கே போவது? அரச வைத்தியசாலைகளின் பெண்ணோயியல் கிளினிக்குகளில் சிகிச்சை இலவசம். தேசிய பாலியல் நோய் மற்றும் எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் கிளினிக்குகள் கொழும்பிலும் மாவட்டங்களின் பிரதான வைத்தியசாலைகளிலும் இயங்குகின்றன. அங்கு விபரங்கள் இரகசியமாகப் பேணப்படும், கணவனுக்கும் சேர்த்தே பார்ப்பார்கள். சுகாதார வைத்திய அதிகாரி பிரிவுகளில் நடக்கும் சுகவனிதையர் கிளினிக்குகளுக்கு 35 வயதிலும் 45 வயதிலும் பெண்கள் அழைக்கப்படுகிறார்கள். அங்கே கருப்பைக் கழுத்துப் பரிசோதனைக்குப் போகும் நாளில் வெள்ளைபடுதலையும் வலியையும் பற்றிச் சொல்லலாம்.

ஏற்கனவே இந்த நோய் வந்து குணமானவர்களுக்கு ஒரு தனிக் குறிப்பு. அடுத்த தடவை மாதவிடாய் தள்ளிப்போனால் உடனே சிறுநீர்ப் பரிசோதனை செய்யுங்கள். கர்ப்பம் என்று தெரிந்தால் மூன்று மாதம் கழியட்டும் என்று மறைத்து வைக்காமல் ஆறாவது அல்லது ஏழாவது வாரத்திலேயே ஸ்கான் செய்து கரு கருப்பைக்குள்தான் தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஸ்கான் செய்யும் வைத்தியரிடம் "எனக்கு முன்பு பீ.ஐ.டி. வந்தது" என்று சொல்லுங்கள். அவர் குழாய்களையும் கவனித்துப் பார்ப்பார்.